குறைந்த எடையும் நிறைந்த வாழ்வும்

மனிதன் உடலை நிறுக்கும் தராசு ஒன்று. அவன் வாழ்வை நிறுக்கும் தராசு வேறொன்று. முன்னதற்கு எண் ஒன்றே போதும். பின்னதற்கோ, படியேறுங்கால் அவனுக்கு மூச்சு எங்ஙனம் இருக்கின்றது, இரவில் உறக்கம் எங்ஙனம் வாய்க்கின்றது, நாலுபேர் நடுவே சென்று அமர அவன் மனம் துணிகின்றதா என்பனவெல்லாம் கணக்கிற் சேர்தல் வேண்டும். கடும் உடற்பருமனுக்காகச் செய்யப்பெறும் அறுவை சிகிச்சையைப் பற்றி இந்நாளிற் பேச்சு மிகுந்துள்ளது. பேசுவோருட் பெரும்பாலார் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை கிலோ குறைந்தது?" அக்கேள்வி தவறன்று, ஆயின் அது போதாது. அறுவைக்குப்பின் அம்மனிதன் எங்ஙனம் வாழ்கின்றான் என்பதே தலையாய கேள்வி. அதற்குரிய விடை மருத்துவர் கையில் மட்டுமன்று, நம் கையிலும் இருக்கின்றது என்பதே இக்கட்டுரையில் யாம் சொல்லக் கருதியது.

கடும் உடற்பருமன் என்பது யாது? உடலெடையைக் கிலோவிற் கொண்டு, உயரத்தை மீட்டரிற் கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தாற் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. பெல்ஜிய நாட்டுக் கணிதப் புலவர் அடால்ப் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. குறியீடு 30ஐ எட்டினாற் பருமன் என்றும், 40ஐ எட்டினாற் கடும் பருமன் என்றும் மருத்துவர் கூறுவர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 102 கிலோ இருப்பாராயின் அவர் இவ்வெல்லையில் நிற்கின்றார். ஆசிய மக்களுக்குக் குறைந்த குறியீட்டிலேயே நீரிழிவு முதலிய நோய்கள் தலைகாட்டுகின்றமையின், 2022இல் உலக அறுவை மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறை, அவர்களுக்கு 27.5 என்னும் அளவிலேயே இச்சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாமென்று கூறிற்று.

"வாயைக் கட்டினால் வயிறு தானே குறையும், இதற்குக் கத்தி எதற்கு?" என்று வினவுவோர் பலர். அளவறிந்து உண்ணுதலின் சிறப்பைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் விளக்கியுள்ளார். அவ்வறிவுரை நோய் வாராமற் காக்கும் வேலி. அதனையே நோயுற்றவனை அடிக்கும் கோலாக்குதல் முறையன்று. 1990இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் சுவீடன் நாட்டு இரட்டையர் பலரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே கருவினின்று பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு, வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு அடுக்களைகளில் உண்டு வளர்ந்த இரட்டையர், ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையரைப் போன்றே உடல் நிறையில் பெரிதும் ஒத்திருந்தனர். பருமனிற் பெரும்பங்கு பிறப்போடு வருவது என்பதை இது காட்டிற்று. அன்றியும், ஒருவன் உணவைச் சுருக்கி எடையைக் குறைக்குங்கால் உடல் வாளாவிருப்பதில்லை. பசியைத் தூண்டும் சுரப்புகளைப் பெருக்குகின்றது. செலவிடும் ஆற்றலைக் குறைக்கின்றது. இழந்ததை மீட்க ஓயாது முயல்கின்றது. ஆதலின், பன்முறை முயன்று தோற்றவனைச் சோம்பேறியென்றும் பெருந்தீனிக்காரனென்றும் ஏசுதல், வெள்ளத்தை எதிர்த்து நீந்திக் களைத்தவனைப் பார்த்து, "நீந்த அறியாதவன்" என்று கரையிலிருந்து கூறுவதை ஒக்கும்.

இவ்வறுவையின் வரலாறும் அறியத்தக்கது. 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையினின்று விலக்கும் முறை மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது. எடை குறைந்தது, ஆயின் ஓயாத வயிற்றுப்போக்கும் ஈரற் கேடும் பலருக்கு நேர்ந்தமையின் அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. எடை குறைவதும் நலமடைவதும் ஒன்றல்ல என்னும் பாடம் அன்றே கற்பிக்கப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்பார் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். இக்காலத்தே மிகுதியாகச் செய்யப்பெறுவது, இரைப்பையின் முக்காற் பங்கிற்கு மேல் நீக்கி எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாயாக்கும் ஸ்லீவ் முறை. பசியை எழுப்பும் கிரெலின் என்னும் சுரப்பு, நீக்கப்படும் அப்பகுதியிலேதான் பெரிதும் உண்டாகின்றது. எனவே இவ்வறுவை கலத்தைச் சிறிதாக்குவதோடு நில்லாது, பசியின் குரலையும் தணிக்கின்றது. வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகளின் வழியே லேப்ராஸ்கோப்புக் கருவி கொண்டு இதனைச் செய்யும் வசதியும் இப்பொழுது உண்டு.

இனிப் பயனைப் பார்ப்போம். சுவீடனில் லார்ஸ் ஷோஸ்த்ரோம் என்பாரின் தலைமையில் 1987இல் தொடங்கிய ஆராய்ச்சியே இத்துறையில் நெடுங்காலம் நிகழ்ந்தவற்றுள் முதன்மையானது. அறுவை பெற்ற 2010 பேரையும், அவர்க்கு ஒத்த நிலையிலிருந்தும் வழக்கமான சிகிச்சையே பெற்ற 2037 பேரையும் அந்நாட்டார் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். பத்தாண்டுக்குப் பின்னும் பைபாஸ் செய்துகொண்டோர் தம் பழைய எடையில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தே இருந்தனர். வயதும் பிற இடர்களும் கணக்கிற் கொள்ளப்பட்டபின், அறுவை பெற்றோரிடையே இறப்பு நூற்றுக்கு 29 பங்கு குறைவென்பது 2007இல் வெளியாயிற்று. அவர்தம் வாழ்நாள் மற்றவரைவிட ஏறத்தாழ 3 ஆண்டு நீண்டதென்று 2020இல் அறிவித்தனர். எனினும் பொதுமக்களின் வாழ்நாளை நோக்க அது 5.5 ஆண்டு குறைவே என்பதையும் அவர்கள் மறையாது கூறினர். அந்நாளில் அங்குப் பலருக்குச் செய்த அறுவை, இரைப்பையை வரிசைத் தையலாலும் பட்டையாலும் ஒடுக்கும் முறை. இன்று அது பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஆகவே அக்கணக்கை இக்கால முறைகளுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும் அது காட்டும் வழி தெளிவானது.

எடையோடும் இறப்போடும் நில்லாமல், வாழ்வின் தன்மையையும் அந்நாட்டார் அளக்க முற்பட்டனர் என்பதே நாம் போற்றத்தக்கது. நண்பர் வீட்டு விருந்துக்குச் செல்லுதல், உணவு விடுதியில் உண்ணுதல், கடையில் உடை பார்த்து வாங்குதல், பொது இடத்தில் நீராடுதல், விடுமுறைப் பயணம் போதல் ஆகியவற்றில் உம்முடைய உடல் உமக்கு எத்துணை இடராக இருக்கின்றது என்று வினாத்தாள் அமைத்துக் கேட்டனர். நம்மிற் பலருக்கு இவை கேள்வியாகவே தோன்றமாட்டா. நாற்காலி தாங்குமோ என்று அஞ்சாமல் அமர்பவனுக்கு நாற்காலி ஒரு பொருட்டன்று. அஞ்சுபவனுக்கோ ஒவ்வொரு வீடும் ஒரு சோதனை.

விடைகள் 2007இல் வெளிவந்தன. அறுவைக்குப்பின் முதலாண்டில் வாழ்வின் மலர்ச்சி உச்சியை எட்டிற்று. முதலாண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரையில், இழந்த எடையிற் சிறிது மீண்டு வர, மலர்ச்சியும் படிப்படியாகத் தணிந்தது. ஆறு முதல் பத்து வரையில் இரண்டும் நிலைபெற்று நின்றன. பத்தாம் ஆண்டில் நோக்குங்கால், உடல்நலத்தைப் பற்றிய எண்ணம், பிறரோடு பழகுதல், மனச்சோர்வு ஆகியவற்றில் அறுவை பெற்றோர் மற்றவரினும் மேலான நிலையில் இருந்தனர். ஆனால் பொதுவான மனநிலையிலும் பதற்றத்திலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பத்திலொரு பங்கு எடையை நெடுங்காலம் குறைத்து வைத்தலே வாழ்வு சிறக்கப் போதுமென்பதும் அவர்கள் கண்ட உண்மை. நீரிழிவிலும் இப்போக்கே புலப்பட்டது. அறுவைக்குமுன் அந்நோய் உடையோராயிருந்தவருள் நூற்றுக்கு 72 பேர் இரண்டாண்டில் அது நீங்கினவராயிருந்தனர். பத்தாம் ஆண்டில் அங்ஙனம் இருந்தோர் நூற்றுக்கு 36 பேர்.

இவற்றால் நாம் அறிவது யாது? முதலாண்டில் எடுத்த படத்தைக் கொண்டு வாழ்நாள் முழுவதையும் மதித்தல் ஆகாது. அறுவை ஒரு நாளிற் முடிந்துவிடும். அதன் பின்வாழ்வு முப்பது நாற்பது ஆண்டு நடப்பது. முதல் ஏற்றத்தைக் கண்டு முரசறைவோர் பலர். இரண்டாம் ஆண்டுக்குப் பின் வரும் தாழ்வில் தோள் கொடுப்போர் சிலரே. அத்தாழ்வு வருமென்று முன்னரே அறிவிக்கப்பட்டவன் அதனை வழியிலுள்ள ஒரு பள்ளமாகக் கொள்வான். அறியாதவன் தன் தோல்வியென்றே கருதி மருத்துவர் முகத்தில் விழிக்கவும் நாணி ஒதுங்குவான். ஒதுங்கியவனுக்கே உதவி மிகுதியும் வேண்டும்.

உடலுக்குரிய கடமைகள் சிலவல்ல. சிறுத்த இரைப்பையையுடையவர் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உட்கொள்ளல் வேண்டும். சோற்றை முதலில் உண்டு வயிற்றை நிரப்பினால் பருப்புக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இடமிராது. இரும்பு, கால்சியம், பி12, டி முதலிய சத்துக்களை மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆயுள் முழுவதும் பெற்றுக்கொண்டு, இரத்தத்தை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். இதனைக் கைவிட்டால் சோகையும் எலும்பு நலிவும் நரம்புக் கேடும் மெல்ல வந்து சேரும். பைபாஸ் பெற்றோர் இனிப்பை மிகுத்து உண்டால், அது குடலுக்குள் விரைந்து பாய, வியர்வையும் படபடப்பும் தலைச்சுற்றும் உண்டாகும். முதற்சில திங்களில் முடி உதிர்தலும் உண்டு. பெரும்பாலும் அது மீண்டும் வளரும். பெருமளவு எடை இழந்தவரின் தோல் தொங்கி, மடிப்புகளிற் புண்ணாகி, நடக்கவும் இடையூறு செய்யும். அதனைச் சீர்செய்ய வேண்டுவோரை அழகுக்கு ஆசைப்பட்டோர் என்று தள்ளுதல் இரக்கமற்ற செயலாகும்.

மனத்தின் கடமை இதனினும் நுண்ணியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அறுவை பெற்ற 7925 பேரை அதே தொகையினரான பிறரோடு ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மொத்த இறப்பு நூற்றுக்கு 40 பங்கு குறைந்ததென மகிழ்ச்சிச் செய்தி கூறிற்று. ஆனால் நோயாலன்றி, விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த இறப்பு, அறுவை பெற்றோரிடையே நூற்றுக்கு 58 பங்கு மிகுந்திருந்ததென்றும் கூறிற்று. 2012இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், மதுவுக்கு அடிமையாதல் இரண்டாம் ஆண்டில் முன்னைவிட மிகுந்தது காணப்பட்டது. பைபாஸுக்குப்பின் மது இரத்தத்தில் விரைந்து ஏறுதல் அதற்கொரு காரணம். துன்பத்தில் உணவையே துணையாகக் கொண்டிருந்த ஒருவனிடமிருந்து அத்துணையை அறுவை பிரித்துவிடுகின்றது. அவ்விடத்தில் நல்லதொரு துணை வந்து அமராவிடில் தீயது வந்து அமர்தல் இயல்பு. அன்றியும், "மெலிந்தவுடன் எல்லாம் இனிதாகும்" என்று எண்ணியிருந்தவன், மெலிந்த பின்னும் கடனும் தனிமையும் குடும்பப் பிணக்கும் அப்படியே இருக்கக் காண்பானாயின், அவ்வேமாற்றம் சிறிதன்று.

இனி, அப்பருமனிற் பட்ட துயரம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் புளோரிடாவில், அறுவையால் பெருமளவு மெலிந்து, அந்நிலையை மூன்றாண்டுக்கு மேல் காத்துவந்த 47 பேரிடம் சில வினாக்கள் கேட்கப்பட்டு, விடைகள் 1991இல் வெளியாயின. பழைய பருமனுக்குத் திரும்புதலைவிடச் செவிப்புலன் இழத்தலோ, கண்பார்வை இழத்தலோ, ஒரு காலை இழத்தலோ மேல் என்று பெரும்பாலோர் விடையளித்தனர். கோடிக்கணக்கான செல்வத்தோடு பழைய பருமனும் வருமாயின் அதனை ஏற்பீரோ என்றதற்கு, 47 பேரில் ஒருவர்கூட இசையவில்லை. இவ்விடைகளைப் படிப்போர் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் மட்டுமா ஒருவரை இங்ஙனம் பேசச் செய்வன? குருடனைக் கண்டால் உலகம் கைகொடுக்கின்றது. காலிழந்தவனைக் கண்டால் வழிவிடுகின்றது. பருத்தவனைக் கண்டால் நகைக்கின்றது. அவர்கள் அஞ்சியது தம் உடலை மட்டுமன்று, நம் கண்களையும் நாவையுமே என்று யாம் துணிந்து கூறுவோம்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். இவ்வறுவையில் முதல் மூன்றும் இன்று செம்மையாக அமைந்துள்ளன. துணிந்து வருவோன் இருக்கின்றான். கைதேர்ந்த மருத்துவர் இருக்கின்றார். நுட்பமான கருவிகள் இருக்கின்றன. நான்காம் கூறே வெறுமையாகக் கிடக்கின்றது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிகள், குறியீடு 40ஐ எட்டியவர்க்கும், 35ஐ எட்டிக் கடும் இணைநோயும் உடையவர்க்கும் மருத்துவர் அறிவுரைப்படி செய்யும் அறுவையை விலக்குப் பட்டியலுக்குப் புறம்பாக நிறுத்தின. இது நன்றே. ஆயின் கத்திக்குப் பணம் தந்து, பின்வரும் ஆண்டுகளின் சத்து மாத்திரைக்கும் இரத்தச் சோதனைக்கும் மனநல மருத்துவருக்கும் நோயாளியைத் தனியே விடுதல், கிணற்றை வெட்டிக் கயிற்றை மறந்தது போலாகும். பின்வாழ்வுக்குரிய உதவியையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கணித்து, மருத்துவமனையும் காப்பீடும் அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும்.

"இத்துணைப் பொருளைச் சிலர்மேற் செலவிடுவதினும், பருமன் வாராமற் காக்கும் வழிகளிற் செலவிடலாகாதோ?" என்பது அறிவுடையோர் சிலர் கூறும் தடை. வருமுன் காத்தல் இன்றியமையாதது. பள்ளிகளில் விளையாட்டிடமும் தெருக்களில் நடைபாதையும் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் நெருப்பு வாராமற் காக்கும் சட்டம் இயற்றினோம் என்று, எரியும் வீட்டில் இருப்பவனைக் கைவிடுவதில்லை. வாரந்தோறும் போடும் புது ஊசி மருந்துகள் வந்துவிட்டமையின் அறுவை இனி வேண்டா என்பாரும் உளர். அவ்வூசிகள் பலருக்கு நன்மை பயக்கின்றன. ஆயின் நிறுத்தியபின் இழந்த எடையிற் பெரும்பகுதி மீளுகின்றது. ஊசியாயினும் அறுவையாயினும், நெடுங்காலத் துணையின்றி நிலைத்த நலமில்லை என்பதே முடிவு.

அத்துணையில் நம் பங்கு யாது? நம் நாட்டு விருந்தோம்பல் உலகறிந்தது. "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துதல் அன்பின் அடையாளமாகவே இருந்துவருகின்றது. சிறு கிண்ணம் அளவே கொள்ளும் இரைப்பையையுடையவர்க்கு அவ்வன்பு வேதனையாகும். அவர் இலையில் மிச்சம் வைப்பதை அவமதிப்பாகக் கொள்ளாதிருத்தலே உயர்ந்த விருந்தோம்பல். உறவினர் கூடுமிடத்தில், "அறுவை செய்துமா இவ்வளவு?" என்னும் ஒரு சொல், அவர் ஆறு திங்கள் வைத்தியசாலைப் பக்கமே போகாதிருக்கச் செய்துவிடும். மெலிந்தவரைக் கண்டு, "இப்பொழுதுதான் மனிதராக இருக்கின்றீர்" என்று பாராட்டுவோரும் எண்ணிப் பேசுதல் வேண்டும். முன்னர் அவர் யாராக இருந்தார் என்னும் கேள்வி அப்பாராட்டுக்குள் மறைந்து கிடக்கின்றது.

மாணவ நண்பர்களே, வகுப்பில் பருத்த தோழன் ஒருவனுக்குப் பட்டப்பெயரிட்டு அழைப்பதை நாம் விளையாட்டென்கின்றோம். அவன் நம்மோடு சேர்ந்து சிரிக்கின்றான். சிரியாவிடில் தனித்து விடப்படுவான் என்பதை அவன் அறிவான். அப்பெயரை இவ்வாண்டே விட்டுவிடுதல் நம்மால் இயலும். அதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. கல்லூரியை நடத்தும் பெரியோர், கையோடு பலகை பொருத்திய குறுகிய நாற்காலிகளுக்கிடையே அகன்ற இருக்கை சிலவற்றையும் ஒவ்வொரு வகுப்பிலும் இடுவாராயின், வாய் திறந்து கேட்க நாணும் ஒருவன் ஓசையின்றி வந்து அமர்ந்து பாடங் கேட்பான். மருத்துவம் பயிலச் செல்லும் பழைய மாணவர், எடை குறிக்கும் ஏட்டின் ஓரத்தில், "உறக்கம் எங்ஙனம்? விருந்துக்குச் சென்றீரா? மனம் எங்ஙனம்?" என்று கேட்டு எழுத ஒரு பத்தி விடுவாராக.

மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்குகின்றார். அவருடைய கலையின் எல்லை அது. அம்மனிதன் உலவும் உலகத்தைப் பெரிதாக்குதல் அவனைச் சூழ்ந்திருப்போர் செயல். அச்செயலுக்கு நம்மில் ஒவ்வொருவரும் கடமைப்பட்டுள்ளோம்.